கொடி பிடித்தவர் விரல் வைக்கலாம்

2023 மார்ச் 6, திங்கட்கிழமை, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சுவாவை அடுத்த கிளென்டூன் செம்பனைத் தோட்டத்தில், உதிரிப்பழம் பொறுக்கும் தொழிலாளி பஞ்சாலைக்கு நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு மேலாக வேலைக்கு வராததால், அவர் தாமாகவே வேலையை விட்டு விலகியவராகக் கருதப்படுகிறார் என்று அதில் இருந்தது. கடிதத்தை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். பஞ்சாலை கையுறையைக் கழற்றி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டையைக் கட்டி முடித்தார்.

மறுநாள் விடியும் முன்பே சிரம்பான் தலைமை அலுவலகத்திலிருந்து ஹேமநாதன் வந்து சேர்ந்தான். கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு அவன்தான் அதிகாரி. அந்தப் பிரிவில் அவனைத் தவிர ஓர் ஏர்கண்டிஷனும் இருந்தது.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விமலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பஞ்சாலைன்னு ஒருத்தவங்க வேலைக்கு வந்தாங்களா இல்லையா?" என்று கேட்டான்.

"வந்தாங்களாவா? நேத்து இங்க நின்னு என்னோட சண்ட போட்டுட்டுப் போனது வேற யாரு சார்?"

"ரெக்கார்டுல இல்லையே."

"ரெக்கார்டுல இல்லாத ஆளுக்கு அவ்ளோ வாய் இருக்குமா?"

உதிரிப்பழத்துக்கு மூட்டைக் கணக்கில் கூலி. நிறுவை வேறு பிரிவின் வேலை. ஆகவே சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, பஞ்சாலைக்கு எதுவும் தெரியாமல் போனது. வருகைப் பதிவு ஒன்றே ஒன்றுக்குத்தான் தேவைப்பட்டது: வீட்டுக்கு. தோட்டத்தின் ஒரு பகுதியைக் கம்பெனி விற்றுவிட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் இடிபடப் போகின்றன. இடையில் முறியாத சேவை உள்ளவர்களுக்குச் செண்டாயானில் வீடு தருவதாக ஒப்பந்தம். பஞ்சாலையின் கணவர் ராமகிருஷ்ணன் நடுவில் நீலாய்க்கு ஃபேக்டரி வேலைக்குப் போய்த் திரும்பியவர். அவருடைய சேவை முறிந்தது. பஞ்சாலை கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு நாளும் முறியாமல் உழைத்தவர். வீடு அவர் பெயரில்தான் வர வேண்டும். இப்போது அவரும் முறிந்துவிட்டார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் ஹேமநாதன் போய் நின்றான்.

கிளென்டூனில் காலைப் பெரட்டுக்கு ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நிற்பது வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம். துரை போய், கங்காணி போய், இப்போது ஆண்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள் என்றாலும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் விரல் பதிவு இயந்திரம் வாங்கியபோது கம்பெனி தோட்டத்தின் மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் இரண்டிரண்டாக வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டியது.

பெரட்டு முடிகிற நேரத்தில் ராமகிருஷ்ணனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து பஞ்சாலை இறங்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து, ஒருவரையொருவர் பார்க்காமலே, ஒரே நொடியில் விரலை வைத்தார்கள். ஆண்கள் இயந்திரத்தின் திரையில் 'ராமகிருஷ்ணன், வருகை' என்று வந்தது. பெண்கள் இயந்திரத்தின் திரையிலும் 'ராமகிருஷ்ணன், வருகை' என்றே வந்தது.

ஹேமநாதன் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பஞ்சாலையிடம் போனான்.

"அக்கா, உங்க ஸ்கிரீன்ல யார் பேரு வந்துச்சு, பாத்தீங்களா?"

"அவரு பேரு."

"எத்தன நாளா இப்படி வருது?"

"மிஷின் வச்சதுல இருந்தே அப்படித்தான் தம்பி."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னத்த சொல்றது? லயத்துக் கதவுல அவரு பேரு, கரண்டு பில்லுல அவரு பேரு, கோயில் ரசீதுல அவரு பேரு. இதுலயும் குடும்பத் தலைவரு பேரப் போடுறாங்கன்னு நெனச்சேன்."

ராமகிருஷ்ணன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். கம்பெனி மொத தடவயா எனக்கு மரியாத குடுக்குதுன்னு."

ஹேமநாதன் சிரிக்கவில்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த வருகைப் பதிவு நிரல் பாஸ்கல் என்ற பழைய கணினி மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்; நிரலுக்கு ஓய்வில்லை. சென்ற ஆண்டு அதை விண்டோஸிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றும் வேலை ஹேமநாதன் தலையில் விழுந்தது. மாற்றிய அன்று நிரல் எழுந்து நிற்கவே மறுத்தது. ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் ஒரே சமயத்தில் கவனிக்க, நிரலுக்குள் தனித்தனியே இயங்கும் இரண்டு இழைகள் ஓட வேண்டும். லினக்ஸில் இழைகளை ஓட்டித் தரும் கோப்பின் பெயர், நிரலின் தொடக்கத்தில் இருக்கும் பட்டியலில் முதலாவதாக வர வேண்டும். இரண்டாவதாக வந்தால் கூட ஆபத்து. கம்பெனி அழைப்பிதழ்களில் அதன் தலைவர் டத்தோ சிவசுப்பிரமணியத்தின் பெயரும் அப்படித்தான் என்பதால் ஹேமநாதன் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

அடுத்தது பூட்டு. இரண்டு இழைகளும் எழுதுவது ஒரே இடத்தில். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது வாசலில் நிற்க வேண்டும், பொதுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருப்பதைப் போல. இல்லாவிட்டால் பின்னால் வந்தவர் எழுதியது முன்னால் வந்தவர் எழுதியதை அழித்துவிடும். பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதை, நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரின் அமைப்பில் ஒரு சிறு கட்டத்தில் போடும் டிக் முடிவு செய்தது. ஹேமநாதன் டிக் போட்டுத்தான் சோதித்தான். ஒரு குறையும் இல்லை.

தைப்பூசத்துக்கு முன்பு விரல் பதிவு முறைக்குத் திறப்பு விழா. முந்தின நாள் ஒத்திகையில் டத்தோ ஆண்கள் இயந்திரத்திலும், மனிதவளத் தலைவி ரோகினி பெண்கள் இயந்திரத்திலும் ஒரே நேரத்தில் விரல் வைத்தார்கள். பெண்கள் இயந்திரம் புதியது. ஆண்களுடையது மலிவாகக் கிடைத்த பழையது, கண் சிமிட்டும் நேரம் மந்தமானது; அதில் வைத்த விரல் எப்போதும் பின்னால்தான் வந்து சேரும். ரோகினியின் பெயர் முதலில் பதிவானது. டத்தோவிடம் திரை 'காத்திருக்கவும்' என்றது.

"என்னையா?" என்றார் டத்தோ.

எல்லாரும் சிரித்தார்கள். டத்தோ சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

டிக்கை எடுக்கும்படி யாரும் ஹேமநாதனிடம் சொல்லவில்லை. அவனாகவே எடுத்தான். மறுநாள் விழாவில் டத்தோ காத்திருக்கவில்லை, கைதட்டல் விழுந்தது. விழா முடிந்ததும் மறுபடி போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். விழா முடிந்ததும் பிரியாணி வந்தது.

இதையெல்லாம் பஞ்சாலையிடம் சொல்லியிருக்கலாம். "ப்ரோக்ராம்ல ஒரு தப்பு அக்கா" என்று மட்டும் சொன்னான். யார் தப்பு என்று சொல்லவில்லை.

"அப்ப சரி பண்ணிடுங்க தம்பி."

"பண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலதான்."

வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கை வைக்க, மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு மார்ச் கடைசியில் கூடியது. டத்தோ தலைமை, ரோகினி செயலாளர், மற்றவர்கள் உறுப்பினர்கள், அவர்கள் வேலை ஆமோதிப்பது. ஹேமநாதன் எழுந்து, நிரலில் பிழை இருக்கிறது என்றான்.

டத்தோ அவனைக் கனிவோடு பார்த்தார்.

"ஹேமநாதன், அந்தச் சுவரக் கொஞ்சம் பாருங்க. என்ன தொங்குது?"

"சர்டிஃபிகேட் டத்தோ."

"எதுக்கு?"

"ப்ரோக்ராமுக்கு."

"விரலுக்குச் சர்டிஃபிகேட் இருக்கா?"

"இல்ல டத்தோ."

"அப்ப ரெண்டுல எதுல பிழை இருக்கும்? நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க."

ரோகினி குறுக்கிட்டாள். "ஒரே நேரத்துல விரல் வைக்கச் சொல்லி நம்ம யாருக்கும் டிரெய்னிங் குடுக்கல டத்தோ. அவங்களா வச்சிருக்காங்க."

"பாத்தீங்களா," என்றார் டத்தோ. "நான் தொழிலாளிகளக் குறை சொல்ல மாட்டேன். அவங்க வேர்வையிலதான் இந்தக் கம்பெனி நிக்குது. ஆனா ஒழுங்கு இல்லாத வேர்வைய வச்சு என்ன பண்ண முடியும்?"

உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். ஹேமநாதன் உட்கார்ந்தான். டிக்கை எடுத்தது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தவன், அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டான்.

ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது. இருவர் ஒரே நேரத்தில் விரல் வைப்பது ஒழுங்கீனம். திட்டத்தின் பெயர் 'ஒரு நேரம், ஒரு விரல்'. பேனர் கட்டினார்கள், சட்டைகளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வரிசையில் யார் முறை என்று தெரிய ஒரு பச்சைக் கொடி. கொடி பிடித்தவர் மட்டுமே விரல் வைக்கலாம். வைத்தபின் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கிளென்டூனின் மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் சர்வர் ஒன்றுதான் என்பதால் கொடியும் ஒன்றுதான். மேல் பிரிவு முடிந்ததும் கொடியை மோட்டாரில் கீழ்ப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கீழ்ப் பிரிவுக்குக் கொடி வரும்போது வெயில் ஏறியிருந்தது. ராமகிருஷ்ணன் பொறுத்துப் பார்த்தார். பிறகு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பச்சைத் துணி வாங்கி, குச்சியில் கட்டிக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு நாள் பெரட்டு பழையபடி சுருக்காக முடிந்தது. மூன்றாம் நாள் பிடிபட்டார்.

"போலிக் கொடி!" என்றாள் ரோகினி தொலைபேசியில். "இது ஏமாத்து வேல இல்லையா?"

"கொடி நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றாள் விமலா. "கம்பெனிக் கொடி மாரி சாயம் போகல."

அதன்பின் இயந்திரங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு பிரிவுப் பெட்டிகளுக்கும் ஒரே சாவி. இப்போது விரல் வைக்கக் கொடியும் வேண்டும், சாவியும் வேண்டும். பாதுகாப்புக் கருதி இரண்டையும் ஒரே ஆள் கொண்டுபோகக் கூடாது. கொடி வைத்திருப்பவர் சாவி கிடைத்து வேலை முடிந்தபிறகே கொடியை விட வேண்டும். சாவி வைத்திருப்பவரும் அப்படியே.

மே மாதத்தில் ஒரு காலை, கொடி மேல் பிரிவுக்கும் சாவி கீழ்ப் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு ஹேமநாதன் கீழ்ப் பிரிவில் இருந்தான். மண்டோர் மேல் பிரிவு மண்டோரோடு கைபேசி ஸ்பீக்கரில் பேசியது களம் முழுக்கக் கேட்டது.

"கொடிய அனுப்புலா!"

"மொத சாவிய அனுப்பு."

"சாவிய விடணும்னா கொடி வந்து எங்க வேல முடியணும். சர்க்குலர்ல இருக்கு."

"கொடிய விடணும்னா சாவி வந்து எங்க வேல முடியணும். அதே சர்க்குலர்தான்யா, அடுத்த பக்கம் திருப்பு."

"இப்ப என்ன பண்றது?"

"பசியாறு."

எல்லாரும் பசியாறினார்கள். பிறகு வெயில் ஏறியது. வங்காளதேசத்துக்காரர்கள் களத்தில் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். பழுத்த குலைகள் மரத்திலேயே உதிர்ந்தன. லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கினார். ஹேமநாதனின் கல்லூரிப் பாடநூலில் இந்த நிலைமைக்கு ஒரு படம் இருந்தது: இரண்டு வட்டங்கள், அவற்றைச் சுற்றி அம்புகள். படத்தில் யாரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

பஞ்சாலை செம்பனை நிழலில் தனியாக இருந்தார். விலகியவராகக் கருதப்பட்ட பிறகும் அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. மூட்டைகளை நிறுவைக்காரர்கள் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். வராதவர் எப்படி மூட்டை தூக்கினார் என்பது தன் பிரிவுக்குரிய கேள்வி அல்ல என்று ரோகினி எழுத்தில் பதில் தந்திருந்தாள்.

ஹேமநாதன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். அந்தத் தப்பு நான் பண்ணது. ஒரு டிக் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். டத்தோவுக்கு ஒரு செகண்டு லேட்டாச்சுன்னு."

பஞ்சாலை அவனைப் பார்க்காமல், களத்தில் பந்து போன திசையைப் பார்த்தார்.

"இந்தக் கொடி, சாவி எல்லாம் அதனாலதானா?"

"ஆமா."

"எடுக்க யார்கிட்ட கேட்டீங்க?"

"யார்கிட்டயும் கேக்கல."

"போடுறதுக்கு மட்டும் எதுக்கு தம்பி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

அவன் அன்று மதியமே சிரம்பானுக்குப் போய், டிக் போட்டு நிரலைக் கம்பைல் செய்தான். கேட்காமலே போட்டுவிடுவது என்ற முடிவோடு சர்வர் அறைக்குள் நுழைந்தான். அவன் டிக்கை எடுத்த காலத்தில் அந்த அறைக்கு ஒரு கதவு மட்டும் இருந்தது. நிரலுக்குச் சான்றிதழ் வந்தபிறகு புதிய பாதுகாப்பு ஏற்பாடு வந்திருந்தது: எந்த நிரலையும் ஏற்ற வேண்டுமானால் இரண்டு உயர் அதிகாரிகள் ஒரே நேரத்தில் விரல் வைக்க வேண்டும்.

ரோகினியிடம் ஓடினான்.

"நான் வைக்கலாம். டத்தோவும் வைக்கலாம்," என்றாள் அவள். "ஆனா ரெண்டு பேரும் சேந்து வைக்க முடியாதே ஹேமநாதன். சர்க்குலர நாமே மீறுனா தொழிலாளிங்க எப்படி மதிப்பாங்க?"

அவள் கேலி செய்யவில்லை. அவள் அணிந்திருந்த சட்டையிலும் 'ஒரு நேரம், ஒரு விரல்' என்று இருந்தது.

குழு மீண்டும் கூடியது. ரோகினி திட்ட அறிக்கையை வாசித்தாள். கொடியும் சாவியும் பிரிந்து நின்ற அந்த நாளில், ஒரே நேர விரல் பதிவு ஒன்றுகூட நிகழவில்லை. தொடங்கியதிலிருந்து மிகச் சிறந்த நாள் அதுவே. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

ஹேமநாதன் எழுந்தான். இந்தத் தடவை முழுவதையும் சொன்னான். ஒத்திகையில் டத்தோ காத்திருக்க நேர்ந்தது, தான் டிக்கை எடுத்தது, மறந்தது, அதனால் ஒரு பெண்ணின் வீடு போகப்போகிறது.  சொன்னபின் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது.



"எனக்காகச் செஞ்சீங்க," என்றார் டத்தோ.

"ஆமா டத்தோ. ஆனா தப்பு..."

"எனக்காகன்னு சொல்றாரு. எத்தன பேரு இப்படி எழுந்து சொல்வாங்க?" டத்தோ உறுப்பினர்களைப் பார்த்தார். "விசுவாசம்னா இதுதான். நான் இந்தக் கம்பெனில சேந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. யாருக்காகச் செஞ்சோம்கிறதுதான் முக்கியம், என்ன செஞ்சோம்கிறது அப்புறம். ரோகினி, மினிட்ஸ்ல போட்டுக்குங்க."

ரோகினி எழுதி, வாசித்தாள்: "திரு ஹேமநாதன், திட்டத்தின் தொடக்க விழா சிறப்பாக நடைபெறத் தாம் ஆற்றிய பங்கை அடக்கத்துடன் நினைவுகூர்ந்தார். நிரலில் குறை எதுவும் இல்லை என்பதைக் குழு மீண்டும் உறுதி செய்தது."

"நான் அப்படிச் சொல்லல," என்றான் ஹேமநாதன்.

"மினிட்ஸ்னா சுருக்கம்தானே," என்றாள் ரோகினி. "எல்லாத்தையும் எழுத முடியுமா?"

கதவு திறந்தது. சாப்பாடு வந்துவிட்டது. ஏலக்காய் மணம் அறைக்குள் பரவியது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்றார் டத்தோ. தாள் மேசையைச் சுற்றி வந்தது. உறுப்பினர்கள் வரிசையாகப் போட்டுவிட்டுத் தட்டை எடுக்க எழுந்தார்கள். தாள் ஹேமநாதன் முன்னால் வந்து நின்றபோது பின்னால் ஆட்கள் தட்டோடு காத்திருந்தார்கள். "சீக்கிரம் லா, ஆறிடும்," என்றார் ஒருவர். அவன் போட்டான்.

பஞ்சாலையின் முறையீடு ஜூனில் விசாரணைக்கு வந்தது. அதே அறை, அதே நாற்காலிகள். மேசையில் 'மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு' என்ற பலகையைத் திருப்பி வைத்தால் 'மேல்முறையீட்டுக் குழு' என்று இருந்தது, திருப்பி வைத்திருந்தார்கள். பஞ்சாலை கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். ஒரு நேரம் ஒருவர் என்பதால் ராமகிருஷ்ணனை வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

மண்டோர் முதலில் சாட்சி சொன்னார். "தெனமும் வந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ண யாரும் குறை சொல்லல," என்றாள் ரோகினி. "ஆனா வருகை பதியிற கருவின்னு கம்பெனி அத ரிஜிஸ்டர் பண்ணல. அவங்க வந்தாங்கங்கிறதயும் நான் மறுக்கல. வந்ததுக்குப் பதிவு இல்லைன்னு மட்டும்தான் சொல்றேன்."

ஹேமநாதனை அழைத்தார்கள். அவன் பஞ்சாலையின் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இந்த முறை ஒன்றையும் விடவில்லை, பிரியாணி உட்பட.

ரோகினி ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"நிரல்ல குறை இல்லைன்னு இதுல இருக்கு. இப்ப இருக்குன்னு சொல்றீங்க."

"இப்ப சொல்றதுதான் உண்மை."

டத்தோ பெருமூச்சு விட்டார். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது அவருக்கு. "ஹேமநாதன், நீங்க ரெண்டு விஷயம் சொல்றீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல ஏத்துக்க முடியுமா? நம்ம கொள்கையே ஒரு நேரத்துல ஒன்னுதான். மொதல்ல வந்தது நிக்கும்." பிறகு பஞ்சாலையிடம் திரும்பினார். "அம்மா, நீங்க இந்தக் கம்பெனிக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க. நீங்க செஞ்சதுக்கு மட்டும் ஒரு பதிவு இருந்திருந்தா, நானே முன்னால நின்னு வீட்டுச் சாவியக் குடுத்திருப்பேன்."

 பஞ்சாலை தாளை எட்டி எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஹேமநாதன் தமிழில்தான் கையெழுத்துப் போடுவான்.

"ஏன் தம்பி போட்டீங்க?"

அவனுக்குப் பல காரணங்கள் இருந்தன. எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன.

"எல்லாரும் போட்டாங்கக்கா," என்றான்.

பஞ்சாலை தாளை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். கதவுக்கு அப்பால் ராமகிருஷ்ணன் "என்னாச்சு?" என்று கேட்பது கேட்டது. பதில் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் மோட்டார் கிளம்பும் ஓசை வந்தது.

ஜூலையில் செண்டாயான் வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. பஞ்சாலைக்கு ஒதுக்கியிருந்த வீடு வேறொரு தொழிலாளிக்குப் போனது. லயங்கள் இடிக்கப்பட்டபோது, பஞ்சாலையும் ராமகிருஷ்ணனும் சுவாவில் ஒரு கடையின் மாடியில் வாடகைக்குக் குடிபோனார்கள். ஹேமநாதன் மூத்த அதிகாரியாக உயர்த்தப்பட்டான். செப்டம்பரில், வெளியிலிருந்து வந்த, விரல் விதிக்கு உட்படாத ஒரு நிறுவனம் ஆண்டுப் பராமரிப்பின்போது நிரலை மறுபடி கம்பைல் செய்து ஏற்றியது. அப்போது டிக் போடப்பட்டது. அதற்கு முந்தைய பதிவுகள் மாற்றப்படவில்லை.